வீட்டு மேசையில் உருவாகும் கணினி

இந்தியக் கணினி வரலாற்றின் முதல் அத்தியாயம் கொல்கத்தாவில் எழுதப்பட்டது. பி. சி. மகலனோபிஸ் 1931ஆம் ஆண்டில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில், 1953ஆம் ஆண்டில் சமரேந்திர குமார் மித்ராவின் வடிவமைப்பில் ஓர் ஒப்புமைக் கணினி உருவாயிற்று. பத்து மாறிகள் கொண்ட நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்க அது பயன்பட்டது. பின்னர் 1966ஆம் ஆண்டில் அந்நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் இணைந்து ‘ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1’ என்னும் டிரான்சிஸ்டர் கணினியை உருவாக்கின. அன்று அறிஞர் குழுக்கள் அரிதின் முயன்று கணினிகளை உருவாக்கிய அதே நகரில், இன்று கல்லூரி மாணவர் ஒருவர் உதிரிப் பாகங்களை வாங்கி வந்து, வீட்டு மேசையின் மீது ஒரு பிற்பகலில் தமக்கென ஒரு கணினியைப் பொருத்திக்கொள்கிறார்.

வெவ்வேறு நிறுவனங்களின் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துவது எவ்வாறு? 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியின் அமைப்பு வெளிப்படையாக இருந்தமையால், பிற நிறுவனங்களும் அதற்கேற்ற பாகங்களைச் செய்யத் தொடங்கின. 1995ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ‘ஏ.டி.எக்ஸ்.’ தர அளவு, தாய்ப்பலகையின் நீள அகலம், திருகுத் துளைகளின் இடம், மின் இணைப்பு ஆகியவற்றை வரையறுத்தது. அதன் வழிவந்த அளவுகளே இன்றும் கடைகளில் புழங்குகின்றன. ஆகவே, பாகங்களைப் பொருத்துவது கடினமன்று. எதை, எந்த வரிசையில், எத்தகைய ரசீதுடன் வாங்குகிறோம் என்பதிலேயே நம் பணத்தின் பாதுகாப்பு அடங்கியுள்ளது.

தேர்வு செய்யும் வரிசை

கொல்கத்தாவில் கணினிப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற இடம் சாந்தினி சௌக். லேக் மார்க்கெட் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் காளிகாட்டில் மெட்ரோ ஏறினால், எஸ்பிளனேடுக்கு அடுத்த நிலையத்தில் இறங்கி எளிதில் அங்குச் செல்லலாம். கடைக்குச் செல்லுமுன், கணினியின் பயன் இன்னது என வீட்டிலேயே முடிவு செய்துகொள்வது நன்று. பாடம், கணக்கு, இணைய வகுப்பு ஆகியவற்றிற்குத் தனி வரைகலை அட்டை தேவையில்லை. செயலியிலேயே அமைந்த வரைகலை போதுமானது. ஆனால் எல்லாச் செயலிகளிலும் அவ்வசதி இல்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

முதலில் செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பொருத்துவாய்க்கு ஏற்றதாகத் தாய்ப்பலகையும், தாய்ப்பலகைக்கு ஏற்றதாக நினைவகமும் அமைய வேண்டும். டி.டி.ஆர்.4 வகைக்குரிய துளையில் டி.டி.ஆர்.5 நுழையாது. அடுத்து எஸ்.எஸ்.டி. சேமிப்பகம், பெட்டி, எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். பலரும் சிக்கனம் பார்ப்பது மின்வழங்கியில்தான். அது தரமற்றதாயின், பழுதாகும்போது தாய்ப்பலகையையும் சேமிப்பகத்தையும் உடன் கெடுத்துவிடக்கூடும். வரைகலை அட்டை இல்லாத வீட்டுக் கணினிக்குத் தரமான 450 வாட் மின்வழங்கி தாராளமாகப் போதும்.

ரசீதும் உத்தரவாதமும்

கணினிப் பாகங்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதம். ரூ.20,000 அடிப்படை விலையுள்ள பொருளுக்கு வரி ரூ.3,600. ‘பில் வேண்டாமென்றால் அந்தத் தொகை மிச்சம்’ என்று எவரேனும் கூறினால், நாம் இழப்பது என்ன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பெட்டியிலிட்டு விற்கப்படும் செயலிகளுக்குப் பொதுவாக 3 ஆண்டு உத்தரவாதம் உண்டு. ரசீது இல்லையெனில், பழுதுற்ற பாகத்தின் முழு விலையும் நம் கையை விட்டே போகும். பெட்டியின்றி விற்கப்படும் ‘டிரே’ செயலிகளின் விலை குறைவாயினும், தயாரிப்பாளரின் உத்தரவாதம் அவற்றிற்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஒவ்வொரு பாகத்தின் தொடரெண்ணையும் ரசீதில் குறிக்கச் செய்வதே சிறந்த காப்பு. உத்தரவாதம் மறுக்கப்பட்டால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவோர், செலுத்திய தொகை ரூ.5 இலட்சம் வரை இருப்பின் கட்டணமின்றி முறையிடலாம். பணத்தைக் கணக்கின் வழியாகச் செலுத்துவது மற்றுமொரு சான்றாக அமையும். ‘பணம் திருப்பி அனுப்புகிறோம், யு.பி.ஐ. பின் எண்ணை இடுங்கள்’ என்று எவரேனும் கூறினால் அது மோசடியே. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவைப்படுவதில்லை. ஏமாற்றம் நேர்ந்தால் உடனே 1930 என்னும் எண்ணில் தெரிவிக்க வேண்டும்.

‘வட்டியில்லாத் தவணை’ என்னும் விளம்பரத்தைக் கண்டால், செயலாக்கக் கட்டணம், அதன் மீதான வரி, முழுத் தொகையாகச் செலுத்தினால் கிடைக்கும் தள்ளுபடி ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுவோம்.

பொருத்தும் முறை

மின் இணைப்பைத் தொடாமல், உலர்ந்த மேசையில் பணியைத் தொடங்க வேண்டும். உடலில் தங்கும் நிலைமின்னேற்றம் சில்லுகளைச் சேதப்படுத்தக்கூடும்; பாகங்களைக் கையாளுமுன் வண்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டுக்கொள்வது நலம். செயலியின் மூலையிலுள்ள முக்கோணக் குறியைப் பொருத்துவாயின் குறியோடு ஒப்பிட்டு, அழுத்தாமல் மெல்ல வைக்க வேண்டும். நினைவகத்தின் வெட்டு துளையின் மேட்டோடு பொருந்தியபின், ‘கிளிக்’ ஓசை எழும்வரை அழுத்தலாம். செயலியின் மீது பட்டாணி அளவு வெப்பப் பசை இட்டு விசிறியைப் பொருத்த வேண்டும். விசிறியிலேயே பசை பூசப்பட்டிருந்தால் வேறு பசை வேண்டா.

பெட்டியினுள் தாங்கு திருகுகள் இல்லாமல் தாய்ப்பலகையை வைத்தால் மின்கசிவுக்கு இடமாகும். 24 முனை மின்வடத்தோடு, செயலிக்குரிய தனி மின்வடத்தையும் மறவாது இணைக்க வேண்டும். பக்க மூடியைத் திருகுமுன் ஒருமுறை இயக்கி, செயலி, நினைவகம், சேமிப்பகம் ஆகியவை திரையில் சரியாகக் காட்டப்படுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.

படிப்படியான முதலீடு

பாகங்களாக வாங்குவதன் உண்மையான ஆதாயம் முதல் நாள் விலையில் தெரிவதில்லை. பின்வரும் ஆண்டுகளில்தான் தெரியும். இன்று 8 ஜி.பி. நினைவகத்தோடு தொடங்கி, தொடர் வைப்பு முதிர்ந்ததும் மேலும் 8 ஜி.பி. சேர்க்கலாம், படிப்புக்குத் தேவைப்படும் காலத்தில் வரைகலை அட்டை வாங்கலாம். மின்வழங்கி பழுதானால் அதை மட்டும் மாற்றினால் போதும். அந்த எதிர்காலத் தேவையை முன்னறிந்து, காலியான நினைவகத் துளைகளுள்ள தாய்ப்பலகையையும் சற்றுக் கூடுதல் திறனுள்ள மின்வழங்கியையும் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுப்பது அறிவுடைமை.

பழைய சேமிப்பகத்தை விற்குமுன், அதிலுள்ள வங்கிக் கணக்கு விவரங்களையும் கடவுச்சொற்களையும் மீட்க இயலாதவாறு அழித்துவிட வேண்டும். பயனற்ற பாகங்களைக் குப்பையில் இடாது, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பது நம் கடமை.

தமிழகத்தில் ஆயுத பூசை நாளில் கருவிகளை வணங்குவதுபோல, வங்கத்தில் செப்டம்பர் மாதம் விசுவகர்மா பூசை நாளில் தொழிற்கருவிகளுக்கு வழிபாடு நடைபெறுகிறது. பூசைக்கெனக் கருவிகளைத் துடைக்கும் வேளையில் கணினிப் பெட்டியையும் திறந்து, விசிறியில் படிந்த தூசியை அகற்றுவோம். ரசீதுகளை எடுத்து, எந்தப் பாகத்தின் உத்தரவாதம் எந்நாளில் முடிகிறது என்பதையும் அன்றே குறித்து வைப்போம்.