சரக்கு எஞ்சினுக்கு ஏன் குட்டிச் சக்கரம்?

பாறசாலை ஸ்டேஷன் வழியாகக் கூட்ஸ் வண்டி போவதைப் பார்த்திருப்பீர்கள். காரக்கோணத்துக்குப் பக்கத்தில் போகும் இந்தத் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி பாதை திறந்தது 1979-இல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே, சுமை இழுப்பதற்கென்று தனியாகச் செய்த நீராவி எஞ்சின்கள் இந்தியாவில் ஓடின.

முதலில் ஒவ்வொரு ரயில் கம்பெனியும் தன் விருப்பப்படி எஞ்சின் வாங்கியது. ஒன்றின் உதிரிபாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. இந்தச் சிக்கலைத் தீர்க்க 1903 முதல் எல்லாருக்கும் பொதுவான மாதிரிகள் வகுக்கப்பட்டன. பயணிகள் வண்டிக்கு ஒரு மாதிரி, சரக்கு வண்டிக்கு வேறு மாதிரி.

வித்தியாசம் சக்கரத்தில் இருந்தது. வேகமான பயணிகள் எஞ்சினின் பெரிய சக்கரம் 6 அடிக்கும் மேல் உயரம். கனரகச் சரக்கு எஞ்சினின் சக்கரமோ 5 அடிகூட இல்லை. ஏன்?

கொதிகலனில் தண்ணீர் ஆவியாகும்போது, திறந்த வெளியில் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். அடைத்து வைத்த அந்த ஆவி சிலிண்டருக்குள் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் ஒருமுறை போய்வந்தால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் நெடுந்தூரம் போகலாம். சிறிதானால் தூரம் குறையும், இழுவிசை கூடும். மேட்டில் ஏறும்போது சைக்கிளின் கியரை மாற்றுகிறோமே, அதே கணக்குதான்.

விசை மட்டும் போதாது, தண்டவாளத்தில் பிடிமானமும் வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றும். அதனால் எட்டுச் சக்கரங்களை, பக்கத்துக்கு நான்காக, இரும்புத் தண்டால் இணைத்தார்கள். எட்டும் ஒன்றாகச் சுற்றும், எட்டும் பிடித்து இழுக்கும்.

எட்டுச் சக்கரமும் போதாத இடம் ஒன்று நீலகிரியில் உண்டு. கல்லாறு முதல் குன்னூர் வரை 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற வேண்டிய செங்குத்து அது. அங்கே ஓடுவதற்காக 1914 முதல் 1925 வரை சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் 12 எக்ஸ் வகை எஞ்சின்கள் செய்யப்பட்டன. தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் ஓடும். ஒரு பட்டையின் பல் வரும் இடத்தில் மற்றதில் இடைவெளி வரும். அதனால் எஞ்சினின் பல்சக்கரம் எந்த நொடியும் பிடியை விடாது. எஞ்சின் முன்னே நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று பெட்டிகளை மேலே தள்ளும்.

இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. எக்ஸ் எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு சிலிண்டர்களில் வேலை செய்து முடித்த ஆவி வெளியே போகாது. மற்ற இரண்டுக்குள் நுழைந்து பல்சக்கரத்தைச் சுழற்றும். ஒரே ஆவிக்கு இரண்டு வேலை! இந்த வகையில் புதிய எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் செய்து கொடுத்தது.

பாறசாலையில் இன்று ஓடும் மின்சார எஞ்சின்களும் அதே பாடத்தைத்தான் பின்பற்றுகின்றன. டபிள்யூ.ஏ.ஜி.-9 சரக்கு எஞ்சினுக்கு 12 சக்கரங்கள். ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு மோட்டார். அதிலிருந்து உருவான டபிள்யூ.ஏ.பி.-7 பயணிகள் எஞ்சினில் கியர் விகிதத்தை மாற்றினார்கள், வேகம் கூடியது. அடுத்த தடவை ஸ்டேஷனுக்குப் போனால், பிளாட்பாரத்தில் பாதுகாப்பாகத் தள்ளி நின்று, எஞ்சினின் பெயரை வாசியுங்கள். மூன்றாவது எழுத்து ‘ஜி’ என்றால் சரக்கு, ‘பி’ என்றால் பயணிகள். சக்கரங்களையும் எண்ண மறக்காதீர்கள்.