பிள்ளைப்பேறு: வீட்டிலா, ஆசுபத்திரியிலா?

1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்குப் போன காலத்தில் எத்தனையோ பிள்ளைகள் கொட்டில்களில், விளக்கு வெளிச்சத்தில் பிறந்தன. அன்று கைகொடுத்த மருத்துவிச்சிமாரை நாம் மறக்கவில்லை. ஆசுபத்திரியில் ஏச்சுக் கேட்கவேண்டும் என்று தாய்மார் சொல்வதும் வெறும் சாட்டல்ல, நாமும் கண்டிருக்கிறோம்.

ஆனால், பிள்ளை பிறந்த பின் வரும் இரத்தப்பெருக்கை எண்ணிப் பாருங்கள். முன்னைய பேறுகள் சுகமாக நடந்த தாய்க்கும் அது வரலாம். கருப்பை சுருங்காவிட்டால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உயிர் போகக்கூடும். அதைச் சுருங்கச் செய்யும் ஒக்சிற்றோசின் ஊசிமருந்தை 2 முதல் 8 பாகைக் குளிரில் வைத்திருக்க வேண்டும். கொட்டிலில் அதற்கு எங்கே போவது? இரத்தம் ஏற்றவும் வழியில்லை. எவ்வளவு கைராசிக்காரியானாலும் வெறுங்கையோடு என்ன செய்வாள்?

ஆகவே நாம் ஆசுபத்திரியையே சொல்கிறோம். தூரம்தான் சிக்கலென்றால், குறித்த நாளுக்கு முன்பே போய்த் தங்குவதைப் பற்றிக் குடும்பநல மாதுவுடன் பேசுங்கள். எந்த வாகனம், மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது, மாட்டுக்கு யார் தண்ணீர் வைப்பது என்பதையெல்லாம் எட்டாம் மாதத்திலேயே முடிவுசெய்யுங்கள். இரவில் நோக் கண்டால் 1990ஐ அழையுங்கள், அம்புலன்சுக்குக் காசில்லை. கிளினிக் அட்டையையும் மறவாமல் எடுங்கள்.