‘உயிர் வாழ்’ என்று சொல்லும் புரதம்

1971 செப்டம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டேவிட் வெட்டர் என்ற குழந்தை பிறந்தது. பிறந்த சில விநாடிகளிலேயே அதனைக் கிருமியற்ற பிளாஸ்டிக் கூண்டுக்குள் வைத்துவிட்டனர். உணவும் உடையும் பொம்மையும் கிருமி நீக்கிய பின்னரே உள்ளே சென்றன. பெற்ற தாயும் கூண்டுச் சுவரில் பொருத்திய கையுறை வழியாகத்தான் மகனைத் தொட முடிந்தது. நமக்குச் சாதாரணமாக வந்து போகும் நோயும் அவன் உயிரைப் பறித்துவிடும். காரணம், அவனுடைய லிம்போசைட்டுகளில் இருந்த குறை.

லிம்போசைட்டுகள் இரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை. இவை எலும்பு மஜ்ஜையில் தோன்றுகின்றன. ‘பி’ செல்கள் அங்கேயே வளர்ந்து, கிருமிகளை எதிர்க்கும் பொருள்களைச் சுரக்கின்றன. ‘டி’ செல்களோ மார்பெலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பிக்குச் சென்று முதிர்ச்சியடைகின்றன. கிருமி புகுந்த செல்களை அழிப்பதும், ‘பி’ செல்களுக்கு உதவுவதும் இவற்றின் வேலை.

இவ்வணுக்களுக்கு விந்தையான இயல்பு ஒன்று உண்டு. தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஒவ்வொன்றின் உள்ளேயும் இருக்கிறது. ‘உயிர் வாழ்’ என்ற செய்தி வெளியிலிருந்து வராவிட்டால் அது இறந்துவிடும். செய்தியைக் கொண்டு வருவது யார்?

செல்களுக்கிடையே செய்தி சுமக்கும் புரதங்களுக்குச் சைட்டோகைன்கள் என்று பெயர். சுண்டெலியின் மஜ்ஜைச் செல்கள் சுரந்த ஒரு சைட்டோகைன் இளம் ‘பி’ செல்களை வளர்ப்பதை சியாட்டில் நகர ஆய்வாளர்கள் 1988-இல் அறிவித்தனர். அதுவே இன்டர்லூக்கின்-7. தைமஸிலும் இது சுரக்கிறது. மனிதனில் இது 152 அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதம்.

லிம்போசைட்டின் மேற்பரப்பில் இதற்கென ஓர் ஏற்பி உண்டு. அது இரண்டு புரதச் சங்கிலிகளால் ஆனது. இன்டர்லூக்கின்-7 வந்து இரண்டையும் இணைத்ததும் செய்தி செல்லின் உட்கருவை எட்டுகிறது. உடனே பிசிஎல்-2 என்ற காவல் புரதம் மிகுதியாக உண்டாகிறது. மரணத்தைத் தூண்டும் பொருள்கள் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியாமல் அது தடுக்கிறது. செல் பிழைத்துக்கொள்கிறது!

இன்டர்லூக்கின்-7 அளவாகவே சுரக்கிறது. பந்தியில் உண்டவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடுவது போல, செய்தி பெற்ற ‘டி’ செல் தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. எஞ்சியது மற்றச் செல்களுக்குக் கிடைக்கிறது. நோயினால் ‘டி’ செல்கள் குறைந்தால், செலவாகாத இன்டர்லூக்கின்-7 சேர்கிறது; மிஞ்சிய செல்கள் பெருகுகின்றன. எண்ணிக்கை சீராவது இப்படித்தான்.

டேவிட்டைப் போன்ற சிறுவர்களின் நோய்க்குக் காரணம் 1993-இல் தெரிந்தது. ஏற்பியின் இரு சங்கிலிகளுள் ஒன்றை ஆக்கும் ஜீன் ‘எக்ஸ்’ குரோமோசோமில் பழுதுபட்டிருந்தது. ஆனால் அச்சங்கிலி வேறு ஐந்து இன்டர்லூக்கின்களின் ஏற்பிகளிலும் உண்டு. அப்படியிருக்க, ‘டி’ செல்கள் இல்லாமற் போனது எதனால்? 1998-இல் விடை கிடைத்தது. மற்றொரு சங்கிலி பழுதான குழந்தைகளிடமும் ‘டி’ செல்கள் இல்லை. அச்சங்கிலி அந்த ஐந்தின் ஏற்பிகளில் இல்லாதது, இன்டர்லூக்கின்-7-க்கோ இன்றியமையாதது. மனிதனின் ‘பி’ செல்கள் அது இல்லாமலும் தோன்றுகின்றன. ஆனால் ‘டி’ செல்களின் துணையின்றி அவை சரிவர இயங்குவதில்லை.

டேவிட்டுக்கு அவன் சகோதரியின் மஜ்ஜையைச் செலுத்தினர். அதில் மறைந்திருந்த வைரஸ் அவனைத் தாக்கியது. 1984 பிப்ரவரியில், 12 வயதில், அவன் இறந்தான். 2008-இல் விஸ்கான்சின் மாநிலம், பிறந்த குழந்தையின் ஒரு துளி இரத்தத்திலிருந்தே இந்நோயைக் கண்டறியும் சோதனையைத் தொடங்கியது. காலத்தே அறிந்து மஜ்ஜை மாற்றினால், அக்குழந்தைகள் கூண்டின்றியே தாயின் மடியில் வளரலாம்.