உறைதல், திரிதல், காய்தல்: பொருள் மாற்றத்தைக் குறிக்கும் தமிழ் வினைகளும் அறிவியல் மொழிபெயர்ப்பும்

பள்ளி அறிவியல் பாடங்களைத் தமிழாக்குவோர்க்கான பயிலரங்கு ஒன்றில், ஏழாம் வகுப்புப் பாடப்பகுதி ஒன்றன் வரைவைச் சரிபார்க்க நேர்ந்தது. இயற்பியல் மாற்றத்தையும் வேதியியல் மாற்றத்தையும் வேறுபடுத்தி அறிவது அப்பாடத்தின் நோக்கம். இறுதியிலிருந்த பயிற்சி வினா சில அன்றாட நிகழ்ச்சிகளைத் தந்து அவற்றை இருவகையாகப் பிரிக்குமாறு கேட்டது. வரைவில் முதல் நிகழ்ச்சி 'நீர் உறைதல்'. நான்காவது நிகழ்ச்சி 'பால் உறைதல்'. ஆங்கில மூலத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு வினைச்சொற்களால் குறிக்கப்பட்டிருந்தன. மொழிபெயர்ப்பாளர் பிழை செய்தார் எனக் கூற இயலாது. நீர் உறைகிறது என்பதும் பால் உறைகிறது என்பதும் குற்றமற்ற தமிழே. ஆயினும் முன்னது இயற்பியல் மாற்றம், பின்னது வேதியியல் மாற்றம் என விடை எழுத வேண்டிய தமிழ்வழி மாணவனுக்கு, அவன் தாய்மொழியே இரண்டும் ஒன்று எனச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மூலத்தைப் படிப்பவனுக்கு இந்த இடர் இல்லை.

இத்தகைய இடர்களைக் கலைச்சொற்பட்டியல்கள் தீர்ப்பதில்லை. கலைச்சொல்லாக்கத்தில் நாம் செலுத்திய கவனம் பெரும்பாலும் பெயர்ச்சொற்களின் மீதே அமைந்தது. 1875-இல் வெளிவந்த நூலில் 'கெமிஸ்தம்' எனப் பெயர் பெற்ற துறை, பின்னர் இரசாயனம் ஆகி, தமிழகத்தில் வேதியியல் ஆயிற்று. இலங்கைப் பாடநூல்களில் இன்றும் பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம் என்னும் வழக்குகளே உள்ளன. இவற்றுள் எது சிறந்தது என்பது குறித்து எழுதப்பட்ட பக்கங்கள் மிகப் பல. உறை, கரை, காய், திரி போன்ற வினைகள் பொருள் மாற்றத்தை எவ்வாறு கூறுபடுத்துகின்றன என்பது குறித்து அவ்வளவு எழுதப்படவில்லை. மாணவன் அடுக்களையிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவருவது இவ்வினைகளையே.

'உறை' என்னும் வினை

நீர் 0 செல்சியசில் பனிக்கட்டியாவதும், தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 செல்சியசுக்குக் கீழே வெண்ணிறமாகக் கெட்டிப்படுவதும், நெய் கிண்ணத்தில் இறுகுவதும் உறைதலே. பால் தயிராவதும், காயத்தில் வழியும் இரத்தம் நின்றுபோவதும் உறைதலே. முதல் மூன்றிலும் பொருளின் இயைபு மாறுவதில்லை. வெப்பத்தைத் தந்தால் பழைய நிலை மீளும். பாலில் நிகழ்வது வேறு. உறைமோரிலுள்ள நுண்ணுயிரிகள் பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகின்றன. அமிலம் மிகுந்து பி.எச். 4.6-ஐ நெருங்கும்போது கேசின் என்னும் புரதம் ஒன்றுதிரண்டு வலைபோல் அமைகிறது. இரத்தத்திலும் கரையும் புரதமொன்று கரையாத இழைப்புரதமாக மாறுகிறது. இவ்வளவு வேறுபட்ட நிகழ்ச்சிகளைத் தமிழ் ஒரு வினைக்குள் அடக்குவதற்குக் காரணம் வெளிப்படை. ஓடிக்கொண்டிருந்த நீர்மம் ஓட்டம் நீங்கி நிலைகொள்வது என்னும் கண்கூடான பண்பே இவ்வினையின் பொருட்கரு. ஏன் நிலைகொண்டது என்பது அதன் அக்கறை அன்று.

இதனைத் தமிழின் குறையாகக் கருதுவோர், பால் குறித்த வினைகளை முழுமையாக நோக்குதல் வேண்டும். பால் காய்கிறது, பொங்குகிறது, சுண்டுகிறது, உறைகிறது, திரிகிறது, புளிக்கிறது. உறைதலுக்கும் திரிதலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் பேசும் எந்தச் சிறுமியும் அறிவாள்: உறைந்த பால் சீராகக் கெட்டிப்பட்டு நிற்கும், திரிந்த பால் திப்பிதிப்பியாகப் பிரிந்து நீர் விட்டு நிற்கும். இவ்விரண்டிலும் புரதம் திரளுகிறது என்பதால் ஆங்கிலம் ஒரே வினையால் இரண்டையும் குறித்துவிடுதல் உண்டு. முற்கூறிய வரைவிலேயே, எலுமிச்சைச் சாறு சேர்த்த பால் 'உறைகிறது' என ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்தது. ஆங்கில வினைக்கு அகராதி தந்த முதற்பொருளை எடுத்தாண்டதன் விளைவு இது. எலுமிச்சைச் சாறு விட்டால் பால் திரியுமேயன்றி உறையாது. ஆக, மூலமொழி பிரிக்கும் இடத்தில் தமிழ் சேர்க்கிறது; மூலமொழி சேர்க்கும் இடத்தில் தமிழ் பிரிக்கிறது. மொழிபெயர்ப்பாளர் முதல் வகையை உணர்ந்து வருந்துகிறார். இரண்டாம் வகையை உணராமலேயே கடந்துவிடுகிறார்.

சுண்ணாம்பின் வழி

சுண்ணாம்புக்கல்லை அல்லது கிளிஞ்சலைக் காளவாயில் இட்டுச் சுடுகிறோம். ஏறத்தாழ 900 செல்சியசில் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேற, 100 கிலோ தூய கல்லில் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதன்மேல் நீர் ஊற்றினால் சீறிக் கொதித்து மாவாகப் பூக்கிறது, இது நீற்றுதல். நீற்றிய சுண்ணாம்பைக் குழைத்துச் சுவரில் பூசுகிறோம். சில நாளில் சுவர் காய்ந்துவிட்டது என்கிறோம். சுடுதல், நீற்றுதல், காய்தல் என்னும் இம்மூன்றும் வேதியியல் மாற்றங்களை உள்ளடக்கியவை. முதலிரண்டு வினைகளும் அதை மறைக்கவில்லை. நெருப்பும் சீற்றமும் ஏதோ பெரிதாக நிகழ்வதை அறிவிக்கின்றன. 'நீறு' என்னும் பெயரும் புதுப்பொருள் தோன்றியதை ஒப்புக்கொள்கிறது. மூன்றாம் வினையே நம்மை ஏமாற்றுகிறது. சுவர் காயும்போது ஈரம் போவது உண்மையே. அத்துடன், நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல ஏற்று மீண்டும் காளவாய்க்கு முந்தைய கல்லாகவே மாறிக்கொண்டிருக்கிறது. துணி காய்வதற்கும் சுவர் காய்வதற்கும் ஒரே வினை வழங்குவதால் இது புலப்படுவதில்லை.

சிமென்டில் இம்மயக்கம் கட்டடத்தையே பாதிக்கும். சிமென்ட் ஈரத்தை இழந்து கெட்டியாவதில்லை. நீரோடு வினைபுரிந்து கெட்டியாகிறது. வழக்கமான சிமென்ட் கலவையைக் குறைந்தது 7 நாளேனும் ஈரமாக வைத்திருத்தல் வேண்டும். பயன்பாட்டுக் குறிப்புகளில் 'சிமென்ட் உலரும்வரை' என மொழிபெயர்ப்பது, தண்ணீர் தெளிக்க வேண்டியவனை வெயிலை எதிர்பார்த்து உட்காரச் செய்யும். இறுகுதல் என்னும் வினை இருக்க, உலர்தலைத் தேடிச் செல்வது தேவையற்றது. கொத்தனார்கள் 'செட் ஆயிடுச்சு' என்கின்றனர். அந்தக் கலப்புச் சொல்லில் உள்ள துல்லியம் நம்முடைய தூய 'உலர்தலில்' இல்லை என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

பிடித்தலும் உருகுதலும்

இரும்பு துருவாக மாறியது என நாம் சொல்வதில்லை. இரும்பு துருப்பிடித்தது என்கிறோம். செம்பில் களிம்பு ஏறுகிறது. சுவரில் பாசி பிடிக்கிறது. ஊறுகாயில் பூசணம் பூக்கிறது. பாசியும் பூசணமும் வெளியிலிருந்து வந்து பற்றுபவையே. துருவும் களிம்பும் அவ்வாறல்ல. அந்த உலோகமே காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து வேறாகிப்போன நிலை அது. ஆனால் தொடரமைப்பு நான்கையும் ஒரே வரிசையில் வைக்கிறது. சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமை காட்டும்போது, களிம்பு செம்போடு உடன்பிறந்ததாகக் கொள்ளப்படுகிறது. அன்றாட வழக்கோ அதனைப் பின்னர் வந்து ஏறியதாகப் பேசுகிறது. வேதியியல் கூறுவது இவ்விரண்டிலிருந்தும் வேறானது. புளியிட்டு விளக்கும்போது பளபளப்பு மீள்வதையும் தேய்ப்பின் பயனாகவே கருதுகிறோம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைத்தெடுப்பது 'விளக்குதல்' என்னும் வினையில் இடம்பெறவில்லை. 'அரிமானம்' என்னும் கலைச்சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. அரித்தல் என்பது குறைதலை உணர்த்தும். ஆனால் துரு உதிராதிருக்கும்வரை, துருப்பிடித்த ஆணியின் எடை கூடுகிறது.

மெழுகுவர்த்தியைப் பிறர்க்காகத் தன்னை உருக்கிக்கொள்வதாகப் பேசுவது மேடைத்தமிழின் வழக்கம். உருகிய மெழுகு எங்கும் போவதில்லை. அடியில் வழிந்து மீண்டும் உறைகிறது. மறைவது, ஆவியாகி எரிந்த மெழுகே. மைக்கேல் ஃபாரடே 1860-61-இல் இலண்டனில் இளையோர்க்கு ஆற்றிய ஆறு விரிவுரைகளும் இந்த ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றியே அமைந்தன என்பது மொழிபெயர்ப்பாளர் நினைவிற்கொள்ளத் தக்கது. உருகுதலையும் எரிதலையும் ஒருங்கே காட்டும் எடுத்துக்காட்டு இதைவிட எளியது இல்லை. தமிழில் எழுதும்போது உருகுதல் என்னும் வினையின் உணர்ச்சிப் பொருள் எரிதலை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கற்பூரம் இதற்கு மறுதலை. பெட்டியிலிருந்த கற்பூரம் 'காற்றில் கரைந்துபோயிற்று' என்கிறோம். பாடநூல் அதனைப் பதங்கமாதல் என்கிறது. இச்சொல் புத்தாக்கம் அன்று. சித்த மருத்துவத்தில் சாம்பிராணிப் பதங்கம் முதலிய மருந்துப் பெயர்களில் வழங்கும் பழஞ்சொல்லே.

தமிழ் வரையும் கோடு

அவ்வாறாயின் பொருள் மாற்றங்களைத் தமிழ் எந்த அடிப்படையிலும் பகுப்பதில்லையா? பகுக்கிறது என்பதே என் கருத்து. அந்தக் கோடு வேதியியல் வரையும் இடத்தில் அமையவில்லை, அவ்வளவே. கு. பரமசிவம் 1979-இல் வெளியான தம் நூலில், தன்வினை பிறவினை வேறுபாடு செயப்படுபொருள் குன்றிய, குன்றா வினை வேறுபாட்டிலிருந்து மாறுபட்டது என்பதை நிறுவினார். அந்த நோக்கில் மாற்ற வினைகளின் பிறவினை வடிவங்களைக் காண்போம்.

'காய்' என்னும் தன்வினைக்குப் பிறவினை வடிவங்கள் இரண்டு. பாலைக் காய்ச்சுகிறோம்; துணியைக் காயவைக்கிறோம். 'ஆறு' என்பதற்கும் அவ்வாறே. காப்பியை இரு குவளைகளுக்கிடையே மாற்றி மாற்றி ஊற்றினால் ஆற்றுகிறோம். மூடாமல் ஓரமாக வைத்துவிட்டால் ஆறவைக்கிறோம். இறுதி விளைவு ஒன்றே. வேறுபாடு, செய்பவர் உடனிருந்து இயற்றுகிறாரா, சூழலை அமைத்துவிட்டு விலகுகிறாரா என்பதில் உள்ளது. உருக்கு, கரை, எரி, கருக்கு, நீற்று என்பன முதல் வகை. உறையவை, புளிக்கவை, ஊறவை, பழுக்கவை என்பன இரண்டாம் வகை. உறைதலுக்கு நேரான எளிய பிறவினை தமிழில் இல்லை. 'உறைத்தது' என்றால் காரம் என்றே பொருள்படும். எனவே உறை ஊற்றுகிறோம், உறை குத்துகிறோம்; சில வழக்குகளில் பிரை இடுகிறோம், தோய்க்கிறோம். திரிதலின் நிலை இன்னும் சுவையானது. 'திரித்தல்' நூலுக்கும் கயிற்றுக்கும் உரியது, பாலுக்கு அன்று. பால் திரிவது நேர்ந்துவிடும் ஒன்று, செய்யப்படும் ஒன்றன்று என மொழி கருதிவந்தது. பனீர் செய்முறை எழுதுவோர் 'திரியவைக்கவும்' என எழுதத் தொடங்கியபோது, விபத்து செய்முறையாகிவிட்டது.

'கொதிக்கவை' இப்பகுப்புக்கு அடங்காதது. அடுப்பருகே நின்று செய்தாலும் அது துணைவினையையே ஏற்கிறது. வேகவைத்தலும் அவித்தலும் அருகருகே வழங்குகின்றன. ஆகவே இதனை விதி என்னாமல் போக்கு என்பதே பொருந்தும். எனினும் மொழிபெயர்ப்பாளர்க்கு இப்போக்கு பயன்படும். ஆய்வகச் செய்முறையில் 'கரைக்கவும்' என்பதற்கும் 'கரையவிடவும்' என்பதற்கும் வேறுபாடு உண்டு: முன்னது கலக்கச் சொல்கிறது, பின்னது காத்திருக்கச் சொல்கிறது. ஆங்கில ஏவல் வாக்கியம் பல வேளைகளில் இதனைச் சொல்லாமல் விட்டுவிடும்.

வரைவுக்குத் திரும்புவோம். பயிலரங்கில் சிலர், நீருக்குத் 'திண்மமாதல்', பாலுக்குத் 'தயிராதல்' என வேறு சொற்களை இடலாம் என்றனர். '-ஆதல்' என்னும் அமைப்பு வேதியியல் மாற்றத்துக்கு அடையாளமாகாது. நீர் நீராவியாகிறது, மரம் கரியாகிறது என இருபுறமும் அது வரும். மீளுமா மீளாதா என்னும் அளவுகோலை வாக்கியத்திலேயே சேர்க்கலாம் என்றார் மற்றொருவர். அரைத்த மாவு மீண்டும் அரிசியாவதில்லை, எனினும் அது இயற்பியல் மாற்றம்; மின்னேற்றம் செய்யும் பேட்டரியில் மீள்வது வேதியியல் மாற்றம். உறைதல் என்னும் வினையை அகற்றுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் வழங்கும் சொல்லைப் பாடநூல் கைவிட்டால், மாணவன் வீட்டில் காண்பதும் பாடத்தில் படிப்பதும் வேறு வேறாகிவிடும். வினையை வைத்துக்கொண்டு, வினை சொல்லாமல் விடுவதை எழுவாயிலும் அடைமொழியிலும் சொல்வதே தக்கது.

இறுதியில் அவ்வினா இவ்வாறு திருத்தப்பட்டது: 'உறைபெட்டியில் வைத்த நீர் உறைகிறது', 'உறைமோர் ஊற்றிய பால் உறைந்து, சுவை மாறித் தயிராகிறது'. சுவை மாற்றத்தைக் குறிப்பிட்டது விடையை முன்கூட்டியே தந்துவிடுகிறது என ஆசிரியர் ஒருவர் மறுத்தார். ஆங்கில மூலத்தின் இருவேறு வினைகளும் அதே குறிப்பை ஆங்கிலவழி மாணவனுக்குத் தந்துகொண்டுதானே இருந்தன என்று கேட்டேன். அவர் உடன்படவில்லை, வினா திருத்திய வடிவிலேயே அச்சுக்குச் சென்றது.