சம்பளத்துக்கு முந்திய கடன்

கிள்ளான் துறைமுகத்துக்குத் தெற்கே, லங்காட் நதி பெருநிலத்தினின்று பிரித்துவிட்ட சதுப்பு மண்ணில், எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற ஆங்கிலத் தோட்டத் துரையின் பெயரைத் தாங்கி நிற்கும் கேரி தீவு, இன்று கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் செம்பனை மயமாகக் காட்சியளிக்கிறது. இத்தீவு உள்ளிட்ட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் தமிழர் நாவில் அன்றாடம் புரளும் ஆங்கிலச் சொற்களில் ‘பே’ என்பதும் ஒன்று. “இந்த மாசம் பே போட்டாச்சா?” என்று கேட்பதும் அதைக் கொண்டுதான், “கரண்டு பில்லுக்குப் பே பண்ணிட்டேன்” என்பதும், ஊதியமில்லா விடுப்பை ‘நோ பே லீவு’ என்பதும் அதைக் கொண்டுதான். வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஒரே சொல் வழங்குகிற இவ்விடத்தில், தொழிலாளி வாங்குவதற்கு முன்பே கொடுத்துவிட நேர்ந்த துர்ப்பாக்கியத்தைத்தான் நான் ஈண்டுச் சொல்ல விரும்புகிறேன்.

ஒப்பந்தக் கூலிமுறைக்கு மலாயாவில் 1910-இல் முற்றுப்புள்ளி வைக்கப்பட்ட பின்னர், தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் பொறுப்பு பெரும்பாலும் கங்காணிகளைச் சார்ந்தது. தம் சொந்தக் கிராமத்துக்கே திரும்பிச் சென்று, உற்றாரையும் ஊராரையும் அழைத்து வந்த கங்காணியிடம், கப்பலேறுமுன் வாங்கிய முன்பணம் பலருக்கும் கடனாக நின்றது. அவர் கீழ் வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாள்தோறும் துரைமார் அவருக்குத் தலைக்காசு கொடுத்தனர். விடியுமுன் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நின்று, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் கிராணி என்ற எழுத்தர் பேர் போட்டால்தான் அன்றைய கூலி உண்டு. மழை பிடித்துக்கொண்டால் பால்மரம் சீவ முடியாது, பேரும் விழாது.

அக்கூலியின் அளவோ, ரப்பர் விலையோடு சேர்ந்து ஏறியிறங்கிற்று. 1930-களின் பெருமந்தத்தில் குறைக்கப்பட்ட கூலியை மீட்டு, நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கொடுக்க வேண்டுமென்று, 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசாங்கத்தால் அனுப்பப்பட்டு இங்கு வந்து தோட்டங்களைப் பார்வையிட்ட வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் சிபாரிசு செய்தார். ஒரே மரநிழலில் வியர்வை சிந்திய பெண்ணின் உழைப்பு பத்துக் காசு தாழ்ந்ததென்பதை அந்தப் பெருந்தகையும் ஏற்றுக்கொண்டாரே என்று என் மனம் இன்றும் வருந்துகிறது. 1938-இல் கூலி மறுபடியும் குறைக்கப்படவே, இந்திய அரசாங்கம் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தையே தடை செய்துவிட்டது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தை வெறும் காசுச் சச்சரவென்று கருதுவோர் அதன் ஜீவனை அறியாதோர். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணிபுரிந்த ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய அவ்வியக்கம், சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலியைக் கேட்டது. அதே மூச்சில், கள்ளுக்கடைகளை மூட வேண்டுமென்றும், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டுமென்ற அவமானத்தை ஒழிக்க வேண்டுமென்றும் கேட்டது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார்; பின்னர் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கி சுட்டது, தொழிலாளர் சிலர் மாண்டனர்.

பிற்காலத்தில் 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம், சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் ஊதியம் கொடுபட வேண்டுமென்றும், பிடித்தங்களுக்கு வரம்புண்டு என்றும் விதித்தது. 2013-இல் தீபகற்பத்துக்கு 900 வெள்ளி என்று தொடங்கிய குறைந்தபட்ச மாதச் சம்பளம், 2025-இல் 1,700 வெள்ளியாயிற்று.

ஆயினும், தமிழ்க் குடும்பங்கள் பல பட்டணம் போய்விட்ட இத்தோட்டங்களுக்கு, இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வருகிற பிள்ளைகளில் பலர், ஊரிலேயே ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, வட்டிக் கடனோடுதான் கத்தியையும் கம்பையும் கையிலெடுக்கிறார்கள். கேரி தீவில் தோட்டங்களை நடத்தும், அப்போது சைம் டார்பி பிளாண்டேஷன் என்று பெயர் கொண்டிருந்த நிறுவனத்தின் பாமாயிலுக்கு அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகளைக் காட்டி, 2020 டிசம்பரில் தடை விதித்தது; நிறுவனம் தன் தொழிலாளருக்கு அந்த ஆட்சேர்ப்புக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது; 2023-இல் தடை விலக்கப்பட்டது. கங்காணியின் முன்பணத்தைக் கழித்துக் கழித்து வாழ்ந்த நம் பாட்டன்மாருக்கு இவ்வாறு திருப்பிக் கொடுத்தவர் எவருமில்லை. ஆதலின், குலை வெட்டுகிற அந்நியப் பிள்ளையின் பே ஸ்லிப்பு அவன் வாசிக்கக்கூடிய பாஷையில், ஒவ்வொரு பிடித்தத்துக்கும் காரணத்தோடு, அவன் கையில் கொடுபட வேண்டுமென்று முதலில் கேட்க வேண்டியவர்கள், இந்தத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழராகிய நாமே.