பறவையைச் சுட்ட படத் துப்பாக்கி

கடற்காகம் பறக்கும்போது இறகு எந்தக் கணத்தில் எப்படி வளைகிறது என்பதை வெறுங்கண் பிரித்தறியாது. பிரெஞ்சு உடலியலாளர் எத்தியென்-ஜூல் மாரே அதைப் பார்க்க 1882-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஒரு படத் துப்பாக்கியைப் பயன்படுத்தினார். 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்ததைப் படமெடுக்க வானியலாளர் ஜான்சன் அமைத்த சுழல் கேமரா அதற்கு முன்னோடி.

தோளில் வைத்துக் குறிபார்க்கும் வேட்டைத் துப்பாக்கியின் வடிவம்தான் அதற்கு. குழலுக்குள் லென்ஸ், பின்புறத்தில் கடிகார விசையால் சுழலும் கண்ணாடித் தகடு. விசையை இழுத்தால் தகடு விட்டுவிட்டுச் சுழலும். நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு படம் பதியும். நொடிக்கு 12 படங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒளி விழும் நேரம் நொடியில் 720-இல் ஒரு பங்கு. பறவையோடு சேர்த்துக் கருவியையும் திருப்பலாம் என்பதே இந்த வடிவத்தின் பெரிய பலம். முக்காலியில் நிறுத்திய கேமராக்களால் அன்று அது இயலவில்லை.

கடற்காகம் நொடிக்கு மூன்று முறை சிறகடித்தது. ஆகவே ஒவ்வொரு அடிப்பிலும் நான்கு நிலைகள் கிடைத்தன. படங்கள் மிகச் சிறியவை, பெரும்பாலும் நிழலுருவங்கள். ஆனாலும் சிறகின் ஏற்றமும் இறக்கமும் வரிசையாகத் தெரிந்தன. கூடுதல் நுணுக்கம் வேண்டி, மாரே அதே ஆண்டில் ஒரே தகட்டில் பல நிலைகளைப் பதிக்கும் முறைக்கு மாறினார். பின்னர் பறக்கும் கடற்காகத்தின் அடுத்தடுத்த நிலைகளை வெண்கலச் சிற்பமாகவும் வடித்தார். 1890-இல் பறவைகளின் பறத்தல் பற்றிய அவரது நூல் வெளிவந்தது.