நட்புக்கு எத்தனை மணி நேரம் ஆகும்?

அப்பாவுக்கு வேலை மாற்றம். சுங்கை சிப்புட்டிலிருந்து குடும்பமே கிள்ளானுக்கு வந்துவிட்டது. உங்களுக்குப் புதிய இடைநிலைப்பள்ளி, புதிய வகுப்பு. ஓய்வு மணி அடித்ததும் எல்லாரும் கூட்டம் கூட்டமாகச் சிற்றுண்டிச்சாலைக்குப் போகிறார்கள். நீங்கள் மட்டும் தட்டை ஏந்திக்கொண்டு எங்கே உட்காருவது என்று பார்க்கிறீர்கள். மூன்று வாரம் இப்படியே போனால், 'என்னிடம்தான் ஏதோ குறை இருக்கிறது' என்று தோன்றும். அந்த முடிவு சரிதானா? அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

முதலில், அந்த வலி உண்மையானது. 2003-இல் அமெரிக்க ஆய்வாளர் நவோமி ஐசன்பெர்கரும் அவருடைய குழுவினரும் சிலரைக் கணினியில் பந்து எறிந்து பிடிக்கும் விளையாட்டில் சேர்த்தார்கள். சிறிது நேரத்தில், மற்ற இரு ஆட்டக்காரர்களும் அவர்களுக்குப் பந்து தருவதை நிறுத்திவிட்டார்கள். அப்போது மூளையைப் படமெடுத்துப் பார்த்தால், உடல் வலியின்போது இயங்கும் ஒரு பகுதி அங்கேயும் இயங்கியது. வெறும் கணினி விளையாட்டுக்கே இப்படியென்றால், சிற்றுண்டிச்சாலையில் தனியாக நிற்பது வலிக்கத்தானே செய்யும்?

அடுத்து, நட்பு எப்படித் தொடங்குகிறது? 1950-இல் லியோன் ஃபெஸ்டிங்கரும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் ஒரு மாணவர் குடியிருப்பைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தளத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்களில் 41 விழுக்காட்டினர் நெருங்கிய நண்பர்களாகக் குறிப்பிடப்பட்டார்கள். நான்கு வீடு தள்ளி இருந்தவர்களில் இது 10 விழுக்காடுதான். இத்தனைக்கும் யார் பக்கத்தில் யார் என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அடிக்கடி கண்ணில் பட்டதுதான் காரணம்.

உங்கள் தாத்தா பாட்டி தோட்டத்தில் வாழ்ந்தவர்களாக இருந்தால் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள். லயத்து வீடுகளில் சுவருக்குச் சுவர் ஒட்டி இருந்தார்கள். குழாயடியில், பிரட்டுக்களத்தில், கோயிலில் என்று தினமும் அதே முகங்கள். 1980, 1990-களில் சிலாங்கூரின் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. அங்கிருந்த குடும்பங்கள் பல அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. அங்கே கதவைச் சாத்திவிட்டால் பக்கத்து வீட்டாரின் முகம்கூடத் தெரியாது. மனிதர்கள் மாறிவிடவில்லை, தானாக நடந்துவந்த சந்திப்புகள்தான் குறைந்துவிட்டன.

சரி, எவ்வளவு நேரம் பழகினால் நண்பராகலாம்? கன்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், புதிய ஊருக்குக் குடிவந்தவர்களையும் புதிதாகப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களையும் ஆராய்ந்து 2018-இல் ஒரு கணக்குச் சொன்னார். அறிமுகமானவர் ஓரளவு நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம். நண்பராக 90 மணி நேரம். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். வெறுமனே ஒரே இடத்தில் வேலை செய்யும் நேரம் இதில் அவ்வளவாக உதவுவதில்லை. சிரித்துப் பேசி, விளையாடி, மனம்விட்டுப் பழகும் நேரம்தான் உதவுகிறது.

இதை உங்கள் பள்ளிக்குப் பொருத்திப் பாருங்கள். ஓய்வு நேரம் நாளுக்கு 20 நிமிடம் என்றால் வாரத்துக்கு 100 நிமிடம். அதை மட்டும் நம்பினால் 50 மணி நேரம் சேர 30 வாரங்கள் வேண்டும்! அதோடு வாரம் 2 மணி நேரப் புறப்பாட நடவடிக்கையும் சனிக்கிழமை 3 மணி நேரப் பூப்பந்தும் சேர்ந்தால், எட்டு வாரங்களுக்குள் அதே 50 மணி நேரம் வந்துவிடும். ஆக, மூன்றாவது வாரத்தில் நண்பர் இல்லை என்றால் உங்களிடம் குறை இல்லை. மணிக்கணக்கு இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த சிலருக்கு, மலாயில் சரளமாகப் பேச வரவில்லையே என்ற தயக்கமும் இருக்கும். அவர்களுக்குக் காற்பந்து, பூப்பந்து, இசைக்குழு போன்றவை நல்ல தொடக்கம். அங்கே பேச்சு குறைவு, சேர்ந்து செய்வது அதிகம். 2015-இல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வில், சேர்ந்து பாடிய புதிய குழுவினர் கைவினை, எழுத்து வகுப்புகளில் சேர்ந்தவர்களைவிட விரைவாக நெருக்கமானார்கள்.

இன்னொரு தடை நம் மனத்துக்குள்ளேயே இருக்கிறது. எரிக்கா பூத்பியும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் முன்பின் தெரியாதவர்களை இருவர் இருவராகப் பேச வைத்தார்கள். பிறகு தனித்தனியே கேட்டபோது, 'அவருக்கு என்னை அவ்வளவாகப் பிடித்திருக்காது' என்றே பொதுவாக எண்ணினார்கள். உண்மையில் அவர்கள் நினைத்ததைவிட அதிகமாகவே பிடித்திருந்தது. நாம் உளறியதையெல்லாம் நமக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறோம். எதிரில் இருந்தவர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்.

பிரிக்பீல்ட்ஸ் ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்த இடம். பிறகு ரயில்வே வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். 1904-இல் விவேகானந்தா ஆசிரமம் எழுந்தது. அதைச் சார்ந்து பள்ளிகளும் தோன்றின. திரும்பத் திரும்பச் சந்திக்க ஓர் இடம் வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. தேவைப்பட்டது, கட்டிக்கொண்டார்கள்.

நீங்கள் புதிய மாணவர் என்றால், வாரந்தோறும் அதே ஆட்களைச் சந்திக்கும் ஒரு நடவடிக்கையில் சேருங்கள். இரண்டு மாதம் விடாமல் போங்கள். ஏற்கெனவே அங்கே படிப்பவர் என்றால், அந்தப் பந்து விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது பந்து உங்கள் கையில் இருக்கிறது. தட்டோடு நிற்பவருக்கு மேசையில் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள்.